அறுபத்தாறு முப்பத்து மூன்றான கதை

தெர்மாகோல் உரசும் அந்த 'கிரீச்' சத்தம் இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது.

பனச்சமூடு ஜங்ஷன். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மானிட்டர் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து ஜீப்பிலிருந்து இறக்கினேன். அந்த நேரம் பார்த்து என் வேட்டி அவிழ்ந்தது.

பெட்டியை விடுவதா, வேட்டியை விடுவதா?

வேட்டியை விட்டேன். உள்ளே கோடு போட்ட நிக்கர் இருந்தது என்பதையும் மரியாதைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

"எலே, கம்ப்யூட்டர் வந்தாச்சு, துணி போயாச்சு!" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் வெள்ளறடை ரூட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் கிளாஸ், அதுவும் இரண்டாவது தடவையில். மகள் பிந்து நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். கடைசியில் ஒரு புராஜெக்ட் எழுதி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் பாஸ். அதற்காகத்தான் இந்தப் பெட்டியும், கூடவே ஒரு பிரிண்டரும்.

அன்று சாயங்காலம் பிந்துவும் என் மனைவி லீலாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக அதன் முன்னால் உட்கார்ந்தேன். சிபியூவின் நெற்றியில் பச்சையாக ஒரு எண் எரிந்தது... 66. பக்கத்தில் டர்போ என்று ஒரு பட்டன். அமுக்கினேன். 33 ஆனது. திரும்ப அமுக்கினேன். 66.

பிடி கிடைத்துவிட்டது. ஸ்பீடோமீட்டர்!

புது வண்டி எடுத்தால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. இன்ஜின் செட்டாகட்டும் என்று பைய ஓட்டுவோம். இதையெல்லாம் பிந்துவுக்கு எந்த வாத்தியார் சொல்லிக்கொடுக்கப் போகிறார்? புத்தம்புது மெஷினை முதல் நாளே அறுபத்தாறில் விரட்டினால் அது என்னத்துக்கு ஆகும்? 33-ல் வைத்தேன். ஒரு மாசம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தால் விளம்பரம் எதற்கு...

மறுநாள் லீலா பூப்போட்ட துணியில் அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டாள். சுவிட்சுக்கும் பிளாப்பிக்கும் மட்டும் அளவாக ஓட்டை. 33 உறைக்குள்ளே மறைந்தது. என் மனதிலிருந்தும்.

லீலாவுக்கு அந்த மெஷின் மேல் தனி ஆசை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிந்துவின் பக்கத்தில் போய் உட்காருவாள். ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டுவாள். ஒவ்வொரு எழுத்தும் யோசித்து யோசித்து வரும். அவள் சிரித்துக்கொண்டே காத்திருப்பாள்.

"என்னைப் போலத்தான் இதும். பைய எழுதுது."

பிந்துவுக்குத்தான் பொறுமையில்லை. "அப்பா, ஒரு பக்கம் திறக்கதுக்குள்ள சோறு வடிச்சிரலாம். இன்ஸ்டிடியூட்டில கெடக்க பழைய மெஷினே இதைவிடப் பறக்குது!"

நானும் சும்மா இருக்கவில்லை. வோல்டேஜ் குறைவு என்று ஸ்டெபிலைசரை மாற்றினேன். சூடு என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன், குடும்பம் வியர்த்தது. சரிவில் நிற்கிறதோ என்று மேசைக் காலுக்கு ஓட்டுத்துண்டு வைத்து மட்டம் பார்த்தேன். டயர் கடைக்குக் கொண்டுபோய் ஏர் அடிக்கலாம் என்று தூக்கினேன். பிந்து வாசலை மறித்து நின்றாள்.

திங்கட்கிழமை புராஜெக்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் கால்வாசிகூட அச்சாகவில்லை. பிந்து கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள்.

"இனி ஒரு வருஷம் போச்சு அப்பா..."

ஜீப்பை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு ஓடினேன். சுனில் என்று ஒரு மெக்கானிக்கைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுக அவனுக்கு வோல்டேஜைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

வந்தான். உறையை உரித்தான். குனிந்து பார்த்துச் சிரித்தான். ஒரே ஒரு விரலை நீட்டினான்.

66.

"சேட்டா, டர்போ ஆரோ ஓஃப் ஆக்கியதாணு. இத்ர நாளும் பகுதி ஸ்பீடிலாணு ஓடியது."

யாரோ டர்போவை அணைத்ததால் இத்தனை நாளும் பாதி வேகம்... எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

பிந்து திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்தாள். பிறகு, உறை தைத்தவளைப் பார்த்தாள்.

"அம்மா! துணி போடும்போ பட்டனை ஞெக்கிட்டியா?"

லீலா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அறியாமப் பட்டிருக்கும் மக்கா..."

"இனி இதைத் தொடாண்டாம், கேட்டியா!"

"போட்டு, விடு... தெரியாமச் செஞ்சதாக்கும்" என்று நான் பெருந்தன்மையாக அவளை மன்னித்தேன்.

ஆமாம். நான். மன்னித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாப் பக்கமும் அச்சாகிவிட்டது. பிந்து பாஸானாள். லீலா மட்டும் அதற்குப் பிறகு மெஷின் பக்கமே வரவில்லை. தூசி துடைக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்தால் நேரே போய்ப் படுத்துவிடுவாள்.

இப்போது பிந்து துபாயில் இருக்கிறாள். அன்றைக்கு ஒரு மேசை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது, இன்றைக்குப் போனாக என் சட்டைப்பையில் கிடக்கிறது. அம்மாவுக்கும் ஒரு போன் வாங்கி அனுப்பினாள். அது ஒரு பூப்போட்ட துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. லீலா அதைத் தொடுவதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை இந்த வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறேன். நீங்களும் வீட்டுப் பக்கம் வரும்போது வாயை விட்டுவிடாதீர்கள்...

போன வாரம் என் போன் இழுத்து இழுத்து ஓடியது. வீடியோ காலில் பிந்துவிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அம்மா தொட்டாளா?" என்றாள்.

அடுக்களையிலிருந்து உடனே குரல் வந்தது. "நான் ஒண்ணும் தொடல்ல மக்கா!"

பிந்து கேட்டது விளையாட்டு. லீலா சொன்னது விளையாட்டில்லை.

நான் வாயைத் திறந்தேன். "நெட்வொர்க் சரியில்ல, அதாக்கும்" என்றேன்.

அன்றைக்குப் பட்டனை அமுக்கினது நானாக்கும், லீலா.