வாத்தியார் குனியாத வாசல்

கொத்து வேலையில் கல், மண், மழை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டிவிடலாம். கட்டடத்தின்மேல் பாசம் வைத்தவர்களோடு மட்டும் முடியாது. கரண்டி பிடித்த உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? தேவதானப்பட்டிக்காரனான நான், கம்பத்துப் பக்கம் ஓர் ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் போய்ப் பட்ட பாடு இது. அந்த ஊர் ஞானமுத்து வாத்தியார் இறந்துபோக, அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து அவர் நினைவாகக் கட்டினார்கள். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஆளுக்கொரு கல்

கடைக்கால் போட்ட அன்று ஆளுக்கொரு கல்லைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் ஆற்றுக் கூழாங்கல், இன்னொருவர் உடைந்த ஆட்டுக்கல். "இதெல்லாம் சுவருக்குச் சேராதுய்யா" என்றேன். ஆட்டுக்கல் கொண்டுவந்த விவசாயி கருப்பையாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு எங்கப்பனே என்னைய மாடு மேய்க்க விட்டாரு. வாத்தியார் சேத்துக்கிட்டாக. நீ ஒரு கல்லச் சேக்க மாட்டியா?"

மண் குழைத்த கதை

சுவர் இடுப்பளவு வந்தபோது என் ஆட்கள் மலைமேல் அணை வேலைக்கு ஓடிவிட்டார்கள். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மண் சாந்துச் சுவர். ஓடு ஏறுவதற்குள் மழை பிடித்தால் கரைந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் படித்த, கூரை தணிந்த பழைய கொட்டகையும் போன மழையிலேயே விழுந்துவிட்டது. இதுவும் போனால் அதுகள் எங்கே போகும்?

வாத்தியாரிடம் படித்தவர்களே மண் குழைக்க வந்தார்கள். குழைத்ததைவிட வாத்தியார் கதை பேசியதுதான் அதிகம். "பேச்சைக் குறைங்கய்யா" என்று கத்தினேன். சவரிமுத்து என்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேச்ச நிப்பாட்டுனா அழுதுருவோம் கொத்தனாரே, பரவாயில்லையா?"

வந்தது வம்பு

வாசல் நிலையை நட்டேன். உடனே கூடிவிட்டார்கள். "கொட்டகையில வாத்தியார் குனிஞ்சுதான் நுழைவாக. எம்புட்டு ஒசரம் அவுக! இங்கனயும் குனியணுமா?" இறந்தவர் எங்கே வந்து நுழையப்போகிறார்? வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஒருவர் கையைத் தூக்கி உயரம் காட்டினார். அடுத்தவர் எக்கிக் காட்டினார். சவரிமுத்து கல்மேல் ஏறியே காட்டினார். நிலையைக் கழற்றி வேறு செய்ய வேண்டுமாம். தச்சனோ போடிக்குப் போயிருந்தான். வேலை நின்றது. தூரத்தில் இடி வேறு.

"இந்த உயரத்தில் ஒரு மனுஷன் இருந்தால் ஊரே பயந்திருக்குமே!" என்றேன் எரிச்சலில். கருப்பையா கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்:

"பயந்தோம்ல!"

வீட்டம்மா சொன்ன அளவு

கடைசியில் வாத்தியார் வீட்டம்மாவைப் போய்க் கும்பிட்டேன். "ஆத்தா, நீங்க வந்து ஒரு அளவு சொன்னாத்தான் கூரை ஏறும்." வந்தார். அந்த அம்மா குள்ளம். நிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் உச்சந்தலைக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார்.

"இம்புட்டுத்தான்யா அவுக. தல தொவட்டிவிட நான் ஒருநாளும் எக்குனதில்ல. நீங்கள்லாம் தரையில உக்காந்துல்ல அவுகளப் பாத்தீக!"

சவரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கருப்பையாதான் முதலில் மண்சட்டியைத் தூக்கினார். ஓடு வேய்ந்து நான் இறங்கிய சாயங்காலமே மழை கொட்டியது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்பாடா!

தலைக்கு மேல் ஒரு முழம் மிச்சமிருக்கிற அந்த வாசலில் கருப்பையா இன்றும் குனிந்துதான் நுழைகிறார், இவர்களுக்கு எந்தக் கோலால் அளந்து கட்டுவது, நீங்களே சொல்லுங்கள்!