மேட்டில் நின்ற லோரி

திடலை எட்டுவதற்கு முந்தின மேட்டில் காளிமுத்துவின் லோரி நின்றுவிடும். ஒவ்வொரு பந்தாட்டத்துக்கும் இதே கதைதான். இறங்கி முன்பக்கம் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைப் பொய்க்கு நாலு சுற்றுச் சுற்றி, உதட்டைப் பிதுக்குவார். "எஞ்சின் ரோசாக்குலா, கெட்டுப்போச்சு. எறங்கித் தள்ளுங்கடா, தொரை மக்களா!"

மற்ற நாளில் அந்த லோரி புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைச் சுமக்கும். ஆட்ட நாளில் தோட்டத்துப் பையன்களை. காலையில் ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, வாயில் வைத்த சோறு இறங்காமல் வந்து ஏறுவார்கள். ஒருவன் ஓயாமல் பாடுவான். ஒருவன் பலகையைக் குத்துவான். ஒருவன் முகம் தெரியாத எதிராளியின் தாயாரை ஏசுவான். அந்தச் சூட்டோடு திடலில் இறக்கினால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் பார்த்தாயிற்று. விசில் ஊதியதும் பந்தை விட்டுவிட்டு ஆளை உதைத்தார்கள். ஆட்டம் அடிதடியில் முடிந்தது. "இன்னொரு சண்டை வந்தால் பந்தும் இல்லை, லோரியும் இல்லை" என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பந்து போனால் பையன்களுக்கு மிஞ்சுவது கள்ளுக்கடைதான்.

அதனால்தான் அந்த மேடு. தள்ளித் தள்ளி வியர்த்ததும் காளிமுத்துவை வைவார்கள். வைது ஓய்ந்ததும் சிரிப்பார்கள். சிரிப்பு வந்தால் லோரிக்கும் உயிர் வந்துவிடும். "அண்ணே, ஆட்டம்னா மட்டும் உங்க எஞ்சினுக்குக் காய்ச்சல் வருதே!" என்பான் இருளாண்டி.

"உனக்கு வர்றதுதாண்டா அதுக்கும் வருது."

இந்தச் சனிக்கிழமை ஆட்டம் பக்கத்து ஊரான செலண்டாரில். கோல் காக்கும் கணேசமூர்த்தி, புதிதாகச் சேர்ந்தவன், மேட்டில் எல்லாரும் இறங்கியும் லோரியை விட்டு இறங்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, "கை நடுங்குதுண்ணே. பந்து நழுவிரும். நழுவினா இவனுங்களே என்னத் தின்னுருவானுங்க" என்றான்.

நழுவினால் கோல், கோல் விழுந்தால் சண்டை. காளிமுத்து ஆறுதல் சொல்லவில்லை. யாரையும் தொடவிடாத ஸ்டியரிங்கைக் காட்டினார். "இதுக்கு முன்னால குந்து. இவனுங்க தள்ளட்டும், நீ திருப்பு. பள்ளத்துல எறக்கினா தொரை உன்னத் திங்க மாட்டாரு, என்னத்தான்."

பையன்கள் தள்ள, அவர் கதவோரமாகவே நடந்தார்.

"நடுங்குதுண்ணே."

"நடுங்கட்டும். நீ ரோட்டப் பாரு."

வளைவில் ஒரு சக்கரம் புல்லில் ஏறி இறங்கியது. காளிமுத்து கதவை இறுகப் பிடித்தார். ஸ்டியரிங்கின் பக்கம் கை போகவில்லை. "டேய் கணேசா, மலாக்கா கடல்ல விட்டுறாதலா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கணேசமூர்த்தி சிரித்துவிட்டான்.

ஆட்டம் தொடங்கி, எதிரணியின் முதல் பந்து நேராக அவனிடம் வந்தது. நெஞ்சோடு அணைத்து, அவசரப்படாமல் நின்று, இருளாண்டிக்கு உருட்டினான். ஓடிய இருளாண்டியை எதிரணிக்காரன் ஒருவன் காலை வாரி வீழ்த்தினான். இருளாண்டி எழுந்தான். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுப் பந்து போன பக்கம் போனான்.

காளிமுத்து இதில் எதையும் பார்க்கவில்லை. கூட்டம் கத்தத் தொடங்கியதுமே, கோலா சண்டையா என்று பார்க்கத் துணியாமல் லோரிக்கு அடியில் புகுந்து மல்லாந்துவிட்டார். கூச்சல் ஏற ஏற, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை ஸ்பேனர் வைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார்.