கம்பிக்குள் கருத்தையா

கான்சாபுரத்தில் வேலுத்தாயின் வயல் ஓரம் நின்ற கருத்தையா சாமியை 1984இல் ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். அவள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டியதெல்லாம் கணக்கில் சேராது. படிக்காதவர்கள், கும்பிடத்தான் தெரியும், கண்டுபிடிக்கத் தெரியுமா?

கண்டுபிடித்தவர் ஆராவமுதன், ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறந்த வட்டார அருங்காட்சியகத்தின் காப்பாளர். நல்ல மனிதர்தான். சாமியை லாரியில் ஏற்றியபோது அழுத வேலுத்தாயிடம், "இனி நாட்டுக்கே சொந்தம்மா, பெருமைதானே" என்று ஆறுதல் சொன்னார்.

சிவராத்திரிக்குப் பொங்கலோடு பஸ் ஏறினாள். சொந்தக் குலசாமியைப் பார்க்க டிக்கெட் எடுத்தாள். கம்பித் தடுப்புக்குள் கருத்தையா வேலும் கையுமாக நின்றார். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை.

"எண்ணெ தேச்சு மஞ்சத்தண்ணி ஊத்தணும்யா. செத்த நேரம் உள்ள விடுங்க."

"பெருக்குற ஆளைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாதும்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருக்குகிற வேலை காலியாக இருப்பதையும் ஆராவமுதன் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

நஞ்சைக்காரி விளக்குமாறு பிடிக்கப் போகிறாள் என்று ஊர் சிரித்தது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த தம்பி இருளப்பசாமி, மானம் போச்சு என்று குதித்தான்.

"ஏலே, நீ ஆபீசர் பூட்சுக்குப் பாலீஷ் போடப் போன. நான் நம்ம பாட்டனக் குளிப்பாட்டப் போறேன். இதுல எது கேவலம்?"



பத்து வருஷம் பெருக்கினாள். ஜமீன் பல்லக்கில் ஒட்டடை, பீரங்கிக் குண்டில் தூசி. அங்கெல்லாம் விளக்குமாறு பட்டும் படாமலும் போகும். கருத்தையா மட்டும் எண்ணெயில் மினுமினுத்தார். ஆராவமுதன் கேட்டால், "பூச்சி அரிக்காம இருக்கத்தான்யா" என்பாள். கல்லைப் பூச்சி அரிக்காது என்பது எம்.ஏ. படித்தவருக்குத் தெரியாதா என்ன? கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார்.

1995இல் மெட்ராசிலிருந்து மேலதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். எல்லாவற்றையும் முகம் சுளித்தபடி கடந்தவர்கள் கருத்தையா முன்னால் நின்றுவிட்டார்கள். என்ன பளபளப்பு, என்ன பராமரிப்பு என்று வேலுத்தாயை வாயாரப் புகழ்ந்தார்கள். இப்படிப்பட்ட கல் இந்தப் பட்டிக்காட்டில் கிடக்கலாமா, மெட்ராசுக்கு அனுப்புங்கள் என்று கையோடு உத்தரவும் போட்டார்கள்.

வேலுத்தாய் தேய்த்துத் தேய்த்துத் தன் கையாலேயே சாமியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஆராவமுதனிடம் போய் நின்றாள்.

"அய்யா, மெட்ராசுல பெருக்குறதுக்கு ஆள் வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"அதுக்கெல்லாம் அவசியமே இல்லம்மா. அங்கே நாலு பக்கமும் கண்ணாடி போட்டு மூடிடுவாங்க. தூசியே படாது" என்றார் அவர், ஆறுதலாக.