தயிர்ப் பானையைக் கீழே போடக் கற்றேன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் தலையில் தயிர்ப் பானை இருக்கும்போது அந்தக் கோபத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. மேனாம்பேட்டில் எங்களுக்கு மூன்று எருமைகள் இருந்தன. விடிந்ததும் அம்மா பெரிய பானையில் தயிரை ஊற்றித் தூக்கிவிடுவாள். நான் அதைச் சுமந்துகொண்டு ஏரிக்கரை வழியாக நடந்து, அம்பத்தூர் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த லைன் வீடுகளில் ஊற்றிவிட்டு உச்சிவேளைக்குள் திரும்பிவிடுவேன். வண்டிப் பாதையில் மிலிடரி லாரிகள் போகும் என்று அந்தப் பக்கமே போகக்கூடாதென்பது வீட்டுக் கட்டளை. சோல்ஜர்களைப் பற்றி ஊரே எனக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. என்னிடம் எந்த சோல்ஜரும் வாலாட்டவில்லை. வாலாட்டியது எங்கள் ஊர் வைக்கோல் தரகர்.

அவரை நான் பிறந்ததிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். எந்த உறவும் கிடையாது, ஊர் வழக்கம். பட்டாளத்துக்கு வைக்கோல் பிடித்துக் கொடுத்து நாலு காசு பார்த்து, புது சைக்கிள் வாங்கியிருந்தார். ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலருகே கரை குறுகலாக இருக்கும். ஒருநாள் அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்தார். நான் கத்தினேன். என் இரண்டு கைகளும் மேலே போய்ப் பானையைப் பிடித்துக்கொண்டன. அவர் அவசரமே படவில்லை.

"பத்திரம் கண்ணு, பத்திரம். பானை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பத்து வயதில் அம்மா என் தலையில் சும்மாடு சுற்றி, தண்ணீர்ப் பானையை வைத்து முற்றத்தில் நடக்கவிட்டாள். நான் அசந்திருக்கும்போது பின்னால் வந்து தாம்பாளத்தைத் தரையில் போடுவாள். சத்தத்துக்குப் பயந்து கை பானைக்குப் போனால் வெல்லம் கிடைக்கும். வேறெங்காவது போனால் முதுகில் ஒன்று விழும். "பாம்பே வந்தாலும் பானைய உடாத" என்பாள். வழியில் தயிரைக் கொட்டியவள் என்று பெயர் வந்துவிட்டால் அந்தப் பெண்ணை மருமகளாக எடுக்க ஊரில் எல்லோரும் தயங்குவார்கள். ஒரு வருஷத்தில் என் கைகள் நன்றாகப் பழகிவிட்டன. சாதாரணமாகக் கை வீசித்தான் நடப்பேன். முள் குத்தினால்கூட இரண்டு கையும் தானாகத் தலைக்குப் போய்விடும். இது தரகருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் தடவைக்குப் பிறகு வீட்டில் சொன்னேன். அப்பா நாலு நாள் கூடவே நடந்தார். நாலு நாளும் தரகர் கலங்கலில் நின்று அப்பாவுக்குப் பீடி கொடுத்து மழை பற்றிப் பேசினார். "அவரு நம்ம ஆளும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா ஐந்தாம் நாள் ஏர் ஓட்டப் போய்விட்டார்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "தலையக் குனிஞ்சிகினு வெரசா வந்துடு. முடியலியா, ஊட்டோட நின்னுடு. குத்தம்பாக்கத்துல உங்க அத்த ஊட்ல பொண்ணு கேட்டுகினு தான் கீறாங்க."

தப்பு செய்தவர் சைக்கிளில் போகிறார், நான் வீட்டுக்குள் போக வேண்டுமாம். எனக்கென்று இருந்த வெளியுலகம் அந்த நடை ஒன்றுதான். ரயில் பார்ப்பேன், லைன் வீட்டுப் பெண்களோடு பேசுவேன், எந்த ஊரில் குண்டு போட்டார்கள் என்று கேட்டு வந்து வீட்டில் சொல்வேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை. அடிக்கக் கற்றுக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் ஊர்ச் சிலம்பக் கூடத்துக்குப் போய்க் கேட்டேன். வாத்தியார் கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊட்ல தொடப்பம் இருக்குதில்ல, அதச் சுத்து" என்றார். அங்கிருந்த பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அந்த வாத்தியார் செத்த பிறகும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

கடைசியில் வழி கிடைத்தது தயிர் வாங்குகிற வீட்டில். ரயில்வே கேங்மேன் ஒருவரின் மனைவி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். பானையை இறக்கிவைக்கக் கைகொடுத்தபோது என் இடுப்பில் நகக் கீறலைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமே இது?"

சொன்னேன். ஐயோ பாவம் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்போ உன் கை எங்க கீது?"

"பானை மேல."

"அதான். பானய காப்பாத்திகினு கீற. உன்ன யாரு காப்பாத்துறது?"

அவள் பிறந்தது வியாசர்பாடியில். அண்ணன்மார் மூன்று பேரும் குஸ்தி பழகியவர்கள். வயசுக்கு வரும்வரை அவர்கள் பிடி பழக எதிரில் நிற்கும் ஆள் இவள்தான். "அடிச்சவனுங்களுக்கு எங்க வலிக்கும்னு தெரியாது. வாங்கின எனக்குத் தெரியும்" என்றாள்.

மறுநாளே ஆரம்பித்தோம். புருஷன் தண்டவாள வேலைக்குப் போனதும், தயிர் ஊற்றி முடித்த நான் அவள் வீட்டுப் பின்கட்டுக்குப் போவேன். குத்து, உதை என்று ஆரம்பிப்பாள் என நினைத்திருந்தேன். அவளோ ஒரு விரிசல் விட்ட பானையில் தண்ணீர் ஊற்றி என் தலையில் வைத்தாள். நட என்றாள். பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தாள். என் கைகள் பானைக்குப் போயின.

"கைய எறக்கு. பான உழட்டும்."

என்னால் விட முடியவில்லை. பத்து நாள் அவள் பிடித்தாள், பத்து நாளும் நான் பானையைக் காப்பாற்றினேன். கோபத்தில் என்னையே திட்டிக்கொள்வேன், ஆனாலும் அடுத்த முறை கை அங்கேதான் போகும். தளும்பிய தண்ணீரில் நனைந்த புடவையோடு வீட்டுக்குப் போனால் வேர்வை என்று சொல்லிச் சமாளிப்பேன். அம்மா நம்பினாளா என்று தெரியாது.

பதினோராம் நாள் பானை விழுந்தது. கல்லில் பட்டுச் சுக்கல் சுக்கலாகப் போனது. நான் குந்தி உட்கார்ந்து அழுதேன். ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல இருந்தது.

"ஏம்மே அழுவுற? ஓட்டப் பான தானே" என்றாள் அக்கா. பிறகு அவளே என் தலையைத் துவட்டிவிட்டாள்.

மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. பானையை விட்ட கையை மடக்கி முழங்கையால் பின்னால் இடிக்க வேண்டும், நெஞ்செலும்புக்குக் கீழே. குதிகாலால் அவன் பாதத்தை மிதிக்க வேண்டும். மிதித்ததும் நிற்காமல், பேசாமல் நடந்துவிட வேண்டும். அக்கா வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு நின்றாள். அப்படியும் ஒருநாள் மூச்சுப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். "தேறிட்ட" என்றாள்.

ஆடி மாதக் காற்று. தரகர் திருவள்ளூர்ப் பக்கம் வைக்கோல் பார்க்கப் போய் இருபது நாள் கழித்து வந்திருந்தார். கலங்கலருகே சைக்கிள் சாய்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இடுப்பில் கை விழுந்தது.

என் கைகள் கிளம்பிவிட்டன. தோள் உயரம் போனதும் நின்றன. அங்கிருந்து முழங்கையைப் பின்னால் இடித்தேன். பானை சரிந்து அவர் தோளில் விழுந்து உடைந்தது. குதிகாலை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்த்தபோது தரகர் கரைச் சரிவில் உருண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். தலை, மீசை, சட்டை எல்லாம் தயிர்.

பேசாமல் நடந்துவிடு என்று அக்கா சொல்லியிருந்தாள். என்னால் முடியவில்லை.

"பத்திரம் மாமா, பத்திரம்" என்றேன்.

அவர் அந்தக் கோலத்தில் ஊர் நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பின்னாலேயே நாய்கள் போயின. கேட்டவர்களிடம் ஒரு தயிர்க்காரி மேல் மோதி விழுந்துவிட்டதாகச் சொன்னாராம். அன்று ஏரிக்கரையில் போன தயிர்க்காரி நான் ஒருத்திதான். பிறகு அவர் அந்தக் கரைப் பக்கம் வரவேயில்லை. அப்பாவுக்குப் பீடியும் நின்றுபோனது.

சும்மாட்டுத் துணி மட்டும் கையில், வெறும் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பான இன்னாடி ஆச்சு?"

"போட்டுட்டேன்."

திட்டுவாள், முதுகில் ஒன்று வைப்பாள் என்று நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அக்காவைப் பற்றியும் சொன்னேன். அம்மா தவிட்டுக் கையோடு அப்படியே நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நான் தலையெடுக்கும்வரை, அதே கரையில் தயிர் சுமந்தவள் அவள்.

"எனக்கு உடத் தோணவே இல்லடி" என்றாள். "எத்தினி வருசம். ஒரு நாளும் பான ஒடையல."

கையைக் கழுவினாள். உள்ளே போய் ஒரு பழைய பானையை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"வா" என்றாள்.

போய் இடுப்பைப் பிடித்தேன். அம்மாவின் இரண்டு கைகளும் மேலே போய்ப் பானையைப் பிடித்துக்கொண்டன.

"இன்னொரு தபா வா" என்றாள்.