வெளுத்துப்போன மயில்துத்தம்

கொடைக்கானல் மலைக்கிராமமான போளூரில் எங்கள் உருளைக்கிழங்குச் செடிகளில் கருகல் நோய் விழுந்தபோது எனக்கு ஏழு வயது. மருந்தடிக்க ஐந்து கிலோ மயில்துத்தம் என்கிற நீலக்கல்லை வாங்கிவந்த சித்தப்பா வழியில் அதை மழைச்சாரலில் ஈரமாக்கிவிட்டார். அப்பா பார்ப்பதற்குள் காயவைத்துவிடலாம் என்று பழைய மண்சட்டியில் போட்டு அடுப்பிலேற்றினார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. நீலக்கல் சுண்ணாம்புபோல் வெளுக்கும்வரை வறுத்தார்.

பூண்டு நிறுக்கும் தராசில் வைத்தால் மூன்று கிலோ இருநூறுதான் நின்றது. சாரமெல்லாம் புகையோடு போய்விட்டது, கொட்டிவிடு என்றார் அப்பா. மறுபடி கொடைக்கானல் போய் வாங்கிவர இரண்டு நாளாகும். அதற்குள் மேல்காட்டுச் செடிகள் முழுக்கக் கருகிவிடும்.

மதுரையில் விடுதியில் தங்கிப் பியூசி படித்துக்கொண்டிருந்த அக்கா லீவுக்கு வந்திருந்தாள். வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகையைச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். நீலம் திரும்பி வந்தது. பிறகு என் சிலேட்டைப் பிடுங்கிக் கணக்குப் போட்டாள். நீலக்கல் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிராம் ஒரு மோல். ஐந்து கிலோவில் இருபது மோல். ஒவ்வொரு மோலிலும் தொண்ணூறு கிராம் வெறும் தண்ணீர், மிச்சம் நூற்றறுபதுதான் மருந்து. அதை இருபதால் பெருக்கினால் மூவாயிரத்து இருநூறு. மோல் என்பது மரக்கால் போல ஏதோ ஓர் அளவுப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"போனது தண்ணிதாங்கப்பா. மருந்து அப்படியே கெடக்கு. ஒரு கிலோ போடுற எடத்துல இதுல அறுநூத்தி நாப்பது கிராம் போட்டாப் போதும்."

"கூடிப்போனா எலை வெந்துருமே, தாயி."

"அதான் நிறுத்துப் போடச் சொல்றேன்."

அப்பா இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்புறம் மறுபடியும். அவருக்குக் கணக்கு வராதுபோல என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மறுநாள் வெள்ளனே அக்கா நிறுத்துக் கொடுக்க, சுண்ணாம்புப் பாலோடு கலந்து அடித்தார்கள். கீழ்ப்பாத்திகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மேல்காடு தப்பியது.

பத்து நாள் கழித்து, காட்டிலிருந்து திரும்பிய அப்பா அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தப் படிப்ப முழுசாப் படிக்க இன்னும் எத்தன வருசமாகும்?"

"பியூசிக்கு அப்புறம் மூணு வருசங்கப்பா."

"சரி. படி."

அக்கா பூண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பியூசியோடு அவளை நிறுத்திவிடுவதாக இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் நேரே அப்பாவிடம் போனேன். வறுத்தது சித்தப்பாதானே, அந்த மூன்று வருடத்துக்கு அவரை அனுப்புங்கள் என்று அழாத குறையாக வாதாடினேன்.