பங்கருக்குள் குடியேறிய புல்

கிளிநொச்சியில் மாடு வளர்ப்பவர்களுக்கு நடந்த ஒருநாள் வகுப்பில் மிருக வைத்தியர், "வெளிநாட்டுப் பெரிய பண்ணையளில புல்லைப் பங்கருக்குள்ளதான் சேமிச்சு வைப்பினம்" என்றார். கொட்டகையில் இருந்த எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போர்க்காலம் அது; குண்டு போட விமானம் வந்தால் ஓடி ஒளிவதற்கு எங்கள் ஒவ்வொருவர் வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. "அந்த ஊர்ப் புல்லுக்கும் பொம்பருக்குப் பயமோ டொக்டர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வைத்தியரும் சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். மாரியில் வளரும் பச்சைப் புல்லைக் குழியில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால் அது புளித்து, ஊறுகாய் மாதிரிக் கெடாமல் கிடக்கும். கோடையில் எடுத்து மாட்டுக்குப் போடலாம்.

எங்கள் பக்கத்தில் ஆடி ஆவணியில் தரை ஓடுபோலக் காய்ந்துவிடும். என் சிவலைப் பசு வைக்கோலைச் சப்பிவிட்டு, தேத்தண்ணிக்கே காணாத அளவு பால் தரும். ஆகவே அந்த மாரி முடிந்ததும், குளக்கட்டில் ஆளுயரம் நின்ற கினிப்புல்லை வெட்டி, அப்படியே கட்டுக்கட்டாக எங்கள் பங்கருக்குள் அடுக்கினேன். பங்கரைத் தன் கையால் வெட்டியவர் என் கணவர். வேலையால் வந்து பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உமக்கென்ன விசரே? பிளேன் வந்தா நாங்கள் எங்கை போறது?"

பதில் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பக்கத்து வீட்டுப் பெண் அங்கே நின்றாள். அவளிடமும் ஒரு மாடு நின்றது. "எங்க பங்கருல எடம் இருக்குங்க அண்ணே. புல்லுல பாதிய எங்க மாட்டுக்குக் குடுத்தாப் போதும்" என்றாள். என் கணவர் மறுப்பதற்குள் நான் ஓம் என்றுவிட்டேன்.

கோடையில் பங்கரை மூடியிருந்த பலகையைத் திறந்தபோது நானும் பக்கத்து வீட்டுக்காரியும் மூக்கைப் பொத்தினோம். மேலே முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் தேறியது. சிவலை அதை முகர்ந்து, ஒரு தும்மல் தும்மி, என்னை நிமிர்ந்து பார்த்தது. மனிதர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. பசி தாங்காமல் பிறகு தின்றதுதான், ஆனால் பால் ஏறவில்லை.

வைத்தியர் வந்து ஒரு பிடியை எடுத்து முறித்துப் பார்த்தார். "அம்மா, பூத்து முத்தின புல்லை வெட்டியிருக்கிறியள். இது வயித்தை நிரப்பும். சத்து இல்லை."

"அப்ப என்ன செய்ய வேணும்?"

"பூக்க முதல் வெட்டுங்கோ. அரை நாள் வாட விடுங்கோ. விரல் நீளத்துக்கு நறுக்கி, காத்து நிக்காமல் மிதியுங்கோ. இடையிடையே வேலியில நிக்கிற கிளிசிரிடியா மரத்து இலை போட்டால் புரதம் ஏறும். கொஞ்சம் இனிப்புத் தண்ணி தெளிச்சால் நல்லாப் புளிக்கும்."

அடுத்த தையில் மறுபடி தொடங்கினோம். இளம் புல்லை வெட்டி வெயிலில் பரப்பி, வாடியதும் நறுக்கினோம். வேலிக் கிளிசிரிடியாவையெல்லாம் மொட்டையடித்தோம். சீனி அப்போது கண்ணிலும் காணக் கிடைக்காத பொருள். மழை ஈரத்தில் இளகிப்போய் விற்காமல் கிடந்த பனங்கட்டியைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கிக் கரைத்தேன். மிதிக்கும் வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் கணவரை அழைத்தோம். ஊரிலேயே பாரமான ஆள் அவர்தான். "சாப்பாட்டக் கொறைன்னு தெனமும் சொல்லுவ. இன்னைக்கு ஒதவுதா இல்லியா?" என்று மனைவியிடம் கேட்டபடி குழிக்குள் யானைபோல நடந்தார். இடம்பெயர்ந்தபோது நிவாரணத்தில் கிடைத்த கூடார விரிப்பால் மூடினோம். அதன்மேல் மண்ணைக் கொட்டி முடிக்கவும் விமானச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

நான்கு பேரும் பக்கத்து வீட்டுப் பங்கருக்குள் பாய்ந்தோம். பாரமான மனிதர் பாதி இடத்தை எடுத்துக்கொண்டார். என் கணவர் பனங்கட்டிக் கரைசல் சட்டியை மடியில் அணைத்தபடி இருந்தார். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தூரத்தில் எங்கோ இரண்டு குண்டுகள் விழுந்து நிலம் அதிர்ந்தது.

பிறகு பக்கத்து வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள்: "கிளிசிரிடியா எல இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்க்கா."

"போட்டது காணும். கூடப் போட்டால் மாடு மணத்துக்குத் தின்னாது."

"எம்மாடு திங்கும்."

"என்ரை மாடு தின்னாது!"

"இந்த நேரத்திலையும் மாட்டுக் கதையே?" என்று என் கணவர் கத்தினார். "எங்கடை பங்கருக்குள்ளை புல்லு காலை நீட்டிப் படுத்திருக்கு. நான் இஞ்சை கூனிக்கொண்டு இருக்கிறன்!"

அவருடைய குரல் நடுங்கியது. பயத்தால் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டி குலுங்கிப் பாகு எல்லோர் மேலும் சிந்தியது. விமானம் போன பிறகு பிசுபிசுத்தபடி வெளியே வந்தோம். எறும்புகள் எங்களை அன்று நிம்மதியாக இருக்க விடவில்லை.

ஆடியில் குழியின் ஒரு மூலையைத் திறந்தோம். பழுத்த பழமும் மோரும் கலந்தமாதிரி ஒரு வாசம். புல் நல்ல எண்ணெய்ப் பச்சையாக இருந்தது. என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிப் பார்த்து, "உப்புத்தான் இல்லை" என்றார். சிவலை தொட்டியிலிருந்து தலையை எடுக்கவேயில்லை. ஒரு கிழமைக்குள் கறக்கும் செம்பு நுரையோடு நிரம்பத் தொடங்கியது. வேலிக்கு அப்பாலும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரி தயிர் உறைய வைத்து, மாங்குளச் சந்திக் கடைக்கு அனுப்பத் தொடங்கினாள்.

செய்தி பரவி ஆட்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லியது நானல்ல, என் கணவர். "பூக்க முதல் வெட்ட வேணும். அதுதான் முக்கியம்" என்று தானே கண்டுபிடித்தவர்போல விரலை நீட்டிச் சொல்வார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த மாரியில், இவ்வளவு தெரிந்தவர் வந்து நறுக்கிக் காட்டட்டும் என்று ஊரில் வீட்டுக்கு வீடு அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. லீவு நாட்களில் கத்தியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் புறப்படுவார். நான் வேலிப் படலையடியில் நின்று, "கவனமாப் போயிட்டு வாங்கோ, புல்லு டொக்டர்!" என்று வழியனுப்புவேன்.