ரெயில் சாரதிக்கு ஊர் காட்டிய சனிக்கிழமை

வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஊர் காட்டுவதுதான் என் கோடைகாலத் தொழில். அது எவ்வளவு பாடு என்று, உறவினரைக் கூட்டிக்கொண்டு திரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேரனுக்கு ஒண்டுக்கு வரும் நேரத்தில்தான் தாத்தாவுக்குத் தேத்தண்ணி வேணும். இரண்டுக்கும் இடம் தேடும்போது மழை வரும்.

கிழமை நாட்களில் நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் நான் இருக்கும் புரொண்பியிலிருந்து வான் வண்டியை எடுத்துக்கொண்டு கோப்பன்ஹேகனுக்குள் இறங்கிவிடுவேன். எத்தனையோ குடும்பங்களைக் கூட்டித் திரிந்திருக்கிறேன். ஆனால் பிரெடெரிசியா என்ற ஊரிலிருந்து சுகந்தி கூட்டி வந்த குடும்பத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு ஒருமுறை வேகமாக அடிக்கிறது.

இறங்கியதும் ஆளைக் காணவில்லை

சுகந்தி, எட்டு வயது மகள் அபி, சின்னவன் நிலான், யாழ்ப்பாணத்திலிருந்து முதல்தரம் டென்மார்க் வந்திருக்கும் தாய் மங்களம், தகப்பன் தம்பிராசா. பெரிய ரெயில் நிலையத்தில் நான் போய் நின்றபோது நாலு பேர்தான் நின்றார்கள். தம்பிராசா ஐயாவைக் காணவில்லை.

மேடை நீளத்துக்கு ஓடினோம். ஐயா வண்டியின் முன்பக்கத்தில், சாரதி இறங்கும் கதவடியில் நின்றார். அவரும் ரெயில் சாரதிதான். வடக்குப் பாதையில் தொடங்கி, சண்டையில் அது நின்றபிறகு மலைநாட்டுப் பக்கம் ஓட்டி, வேலையிலிருந்து இளைப்பாறியவர். இறங்கி வந்த சாரதி ஒரு இளம் பெண். ஐயா நிமிர்ந்து நின்று அவளுக்கு சல்யூட் அடித்தார். அவள் திகைத்துப் போனாள். அபி மூச்சிரைக்க டேனிஷில் விசயத்தைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. தன் ஓட்டம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். ஐயா யோசித்துத்தான் பதில் சொன்னார்:

"வண்டி நிண்டதே தெரியேல்லை, பிள்ளை. எனக்கு உந்தப் பக்குவம் வரப் பத்து வருசம் பிடிச்சது."

கடற்கன்னியைத் தொட்டவர்

கடற்கன்னி சிலையைப் பார்க்கும் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இவ்வளவு சின்னனோ?" ஏதோ நான்தான் செய்து வைத்ததுபோல. மங்களம் அம்மா அப்படிக் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகினார், செருப்பைக் கழற்றி என் கையில் தந்தார், பாசி பிடித்த கல்லில் காலை வைத்தார்.

"அம்மா, வழுக்கும். இறங்கி வாங்கோ," என்று சுகந்தி கத்த, நிலானும் பின்னால் ஏறப் பார்த்தான். அவனை நான் இழுத்துப் பிடித்தேன். படம் எடுக்க நின்ற இரண்டு சீனப் பெண்கள் கமராவைத் தோளில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் அம்மாவின் கையைப் பிடித்தார்கள். அவர் ஒவ்வொரு கல்லாகத் தாண்டிப் போய்ச் சிலையின் காலைத் தடவினார். கரையில் நின்ற சனம் கை தட்டியது. திரும்பி வந்தவரின் சேலைக்கரை நனைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. சுகந்தி ஏசத் தொடங்கமுன் அவரே சொன்னார்:

"இவ்வளவு தூரம் பிளேனிலை வந்திட்டு, அஞ்சடி தூரத்திலை நிண்டு பாத்திட்டுப் போறதோ?"

படகில் மொழிபெயர்ப்பு

நியூஹவுன் கால்வாயடியில் படகு ஏறினோம். கால்வாய்ப் பாலங்கள் தாழப் பதிந்தவை. வழிகாட்டி டேனிஷிலும் ஆங்கிலத்திலும் குனியச் சொல்லிக்கொண்டே வருவார். தமிழில் நான் சொல்லப் போக அபி தடுத்துவிட்டாள். அவள் வீட்டில் டேனிஷில்தான் பதில் சொல்லும் பிள்ளை. அன்றைக்கு எல்லாவற்றையும் தானே தமிழில் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாலம் கிட்ட வந்ததும் எழும்பி நின்று கையை ஆட்டி, "எல்லாரும் தலையைக் கீழை போடுங்கோ," என்றாள். நான் அவளை இழுத்து இருத்தினேன். பாலம் எங்கள் தலைக்குமேல் உரசுவதுபோல் போனது. இருட்டுக்குள்ளிருந்து மங்களம் அம்மாவின் குரல் கேட்டது:

"போடுறன் குஞ்சு, பிறகு ஆர் எடுத்துத் தாறது?"

கதவு மூடியது

மெட்ரோவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதில் சாரதி கிடையாது. முன் கண்ணாடியோடு உட்கார்ந்தால் சுரங்கப்பாதை முழுக்கத் தெரியும். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து ஐயா சாப்பாட்டையே மறந்துவிட்டார். வண்டி வந்து நின்றதும் அபி அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்பெட்டிக்கு ஓடினாள். நாங்கள் நிலானின் தள்ளுவண்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். கதவு மூடிக்கொண்டது. வண்டி போய்விட்டது.

இரண்டு பேரிடமும் போன் இல்லை. ஐயாவுக்குத் தமிழைத் தவிரக் கொஞ்ச ஆங்கிலம்தான். சுகந்தி தள்ளுவண்டியைக் கதவடிக்குத் தள்ளினாள். "அடுத்த வண்டியிலை போவம்," என்றாள். "அவை திரும்பி வந்தால் இஞ்சைதான் தேடுவினம். அசையாதை," என்றேன். மேடையிலிருந்த உதவிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண்குரல் விவரம் கேட்டது, பெட்டிக்குள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் அதே குரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது:

"பிள்ளை பதில் சொல்லிவிட்டாள். பயப்பட வேண்டாமாம், வண்டியைத் தன்னுடைய தாத்தாதான் கவனித்துக்கொள்கிறாராம்."

எதிர்ப்பக்கத்தால் வந்தார்கள்

எதிர்ப்பக்கத்தில் வண்டிகள் வந்து வந்து போயின. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியையும் எட்டிப் பார்த்தோம். கடைசியில் ஒன்று சுரங்கத்தால் வெளிப்பட்டபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஐயா கையைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் அபி இரண்டு கையையும் எங்களைப் பார்த்து ஆட்டினாள். கதவு திறந்ததும் சுகந்தி மகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். அபியோ, கடைசி நிலையம் வரை போனதையும் அம்மப்பா ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொன்னதையும் தமிழும் டேனிஷும் கலந்து கொட்டித் தீர்த்தாள்.

"அடுத்த ஸ்டேசனிலை இறங்கி நிண்டிருக்கலாமே, அப்பா?" என்று சுகந்தி கேட்டாள். அவர் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"அவ்வளவு சனம் உள்ளுக்கை. ஓட்ட ஆளில்லாத வண்டியை விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை இறங்குறது?"

இந்த ஊரை நான்தான் எல்லாருக்கும் காட்டுகிறேன் என்று வான் வண்டியில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஆனால் வருகிறவர்களுக்குப் பின்னால் ஓடி ஓடி நான்தான் அதைப் பார்த்து முடிக்கிறேன்.